நாலாவது மைலில் நிற்கும் வண்டி

கொழும்பிலிருந்து திருத்தணிக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று எழுதப் போவதில்லை. கப்பலில் வாந்தி, ரயிலில் நெரிசல். அதையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தனுஷ்கோடியில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். சுங்கக்காரர் என் பெட்டியைத் திறந்து, பிஸ்கட் டப்பா நிறைய இருந்த பித்தளைத் துண்டுகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. நடுவில் ஊசி நுழையும் துளை.

"இது என்ன?"

"ஜெட்டுங்க. கார்புரேட்டருக்குள்ள இருக்கிறது. இது வழியாத்தான் பெட்ரோல் போகும்."

"இதை எதுக்குக் கொண்டுபோறீர்?"

"தங்கச்சி வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு உடம்பு சரியில்லை. பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தால் அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டார். கடைசியில் டப்பாவை மூடி, பிழைத்துப் போ என்பதுபோல் கையை ஆட்டினார்.

கொழும்பில் ஒரு பட்டறையில் பதினைந்து வருஷமாகக் கார்புரேட்டர் பார்க்கிறேன். கார்புரேட்டர் மட்டும். வண்டியிலிருந்து அதைக் கழற்றி, எனாமல் தட்டில் வைத்து என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். நான் பார்த்து முடித்து அதே தட்டில் அனுப்பிவிடுவேன். அது எந்த வண்டியில் போய் உட்காருகிறது, அந்த வண்டி என்ன நிறம் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. பட்டறையில் என்னைக் கார்புரேட்டர் ஐயா என்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

தங்கை மங்கா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அவள் கடிதம் எப்போதும் தந்தி மாதிரி இருக்கும். "அண்ணாவுக்கு நமஸ்காரம். அவரு மிலிட்டரிக்காரங்க கழிச்சுப்போட்ட மோட்டார் சைக்கிள் வாங்கிட்டாரு. மூணு மைல் நல்லா போவுது. நாலாவது மைல்ல நிக்கிது. நீ வந்தாத்தான் ஆவும். எனக்கு ஆறு மாசம்." கடைசி வரி வண்டிக்காக எழுதியதா, அவளுக்காக எழுதியதா என்று நான் கேட்கவில்லை. லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அரக்கோணத்தில் ரயில் மாற வேண்டும். நான் பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனால் மாற வேண்டிய ரயில் அந்த உறவையெல்லாம் பார்க்காமல் போய்விட்டிருந்தது. வேறு வழியில்லாமல் கரி பஸ். உலகச் சண்டை முடிந்த பிறகும் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது என்பதால், பஸ்ஸின் பின்னால் கொதிகலன் மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக் கரியைப் போட்டு எரிக்கிறார்கள். கண்டக்டர் அரை மணி நேரம் விசிறியைச் சுற்றினார். மேட்டில் எல்லோரும் இறங்கி நடந்தோம். கார்புரேட்டரில் பெட்ரோலுக்கு வேலையே இல்லாத வண்டியின் மேல் எனக்கு மரியாதை வரவில்லை. அது ஒரு இடத்திலும் நிற்காமல் திருத்தணி வந்து சேர்ந்ததை அப்போது நான் பொருட்படுத்தவும் இல்லை.

பஸ் நின்ற இடத்துக்கு எதிரே இருந்த காபி கிளப்பில் காபி குடித்தேன். சர்க்கரை ரேஷனாம், வெல்லம் போட்டிருந்தார்கள். கொழும்பில் வெல்லத்தை ஒரு கையில் வைத்துக் கடித்துக்கொண்டு பாலில்லாத சாயத் தேநீர் குடிப்போம். இங்கே அதையே உள்ளே போட்டுக் கலக்கி, காபி என்று பெயர் சொல்லிக் கொடுக்கிறார்கள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"ஊசிக்காரர் வண்டி இன்னைக்கு எங்கே நின்னுதாம்?"

"புளியமரத்துக்கிட்ட."

"நேத்தும் அங்கேதானே?"

"அதுக்கு அந்த எடம் பிடிச்சுப் போச்சு."

ஊசிக்காரர் என்பது என் தங்கை புருஷன் முனிரத்தினம். கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்துகிற உத்தியோகம். அதுவரை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். வெயிலில் அம்மைப்பால் கெட்டுப்போகிறது, சீக்கிரம் போய்ச் சேர வண்டி வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மேலதிகாரி வருவார். அவர் பார்க்க, வண்டி பொதட்டூர்பேட்டை வழியாக அம்மையார்குப்பம் வரை நிற்காமல் போய்த் திரும்ப வேண்டும். திரும்பினால் இந்தப் பக்கத்துக் கிராமங்கள் முனிரத்தினத்துக்கு, இருப்பிடம் திருத்தணி. நின்றால் வண்டியுள்ள வேறொருவர் வருவார், முனிரத்தினத்துக்கு மதனப்பள்ளிக்கு அப்பால் ஓர் ஊருக்கு மாற்றல்.

மாற்றல் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் வேறு அர்த்தம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாற்றலின்போது மங்காவுக்கு ஏழாம் மாதம். பாத்திர பண்டங்களோடு மாட்டு வண்டியில் இருபது மைல் போனாள். குழந்தை இறந்து பிறந்தது. மாட்டைக் குறை சொல்வதா, பாதையைக் குறை சொல்வதா, உத்தரவு போட்டவனைக் குறை சொல்வதா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டாள். வண்டியில் சரியாக உட்காரத் தெரியவில்லையாம். இன்றுவரை அதைத்தான் சொல்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை சாயங்காலம். மங்கா வாசலுக்கு வந்து, "இன்னாண்ணா, இவ்ளோ இளைச்சிட்ட" என்றாள். முனிரத்தினம் நல்ல உயரம். அந்த உயரத்துக்குப் பொருந்தாத பயந்த குரல். "பாவா, வண்டியப் பாத்துட்டு சாப்புடறீங்களா, சாப்ட்டுட்டுப் பாக்கறீங்களா?" என்றார். இந்தப் பக்கத்தில் மச்சானைத் தெலுங்கில் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பார்க்கிறதுக்கு என்ன மாப்பிளே. கால் மணி நேர வேலை."

இந்த வாக்கியத்தை அன்று நான் சொல்லியிருக்கவே கூடாது.

வண்டி சாணிப் பச்சை நிறத்தில் பின்கட்டில் நின்றது. கம்பெனிப் பெயர் இருந்த தகரம் எந்தப் போர்முனையிலோ உதிர்ந்திருந்தது. முன்விளக்குக்கு மாலை போட்டிருந்தார்கள். பெட்ரோல் டேங்க் மூடியின் நடுவில் வட்டமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். வாகனம் என்றால் பொட்டு இருக்கும். கொழும்பிலும் உண்டு. நான் அதைத் தாண்டி நேரே கார்புரேட்டரைப் பார்த்தேன். பழக்கம் அப்படி.

செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பூக்கார ராஜம்மா மலைக் கோயிலுக்குப் பூக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். கையில் வாழை இலைத் துண்டில் மடித்த சந்தனம். இந்த ஊர்க்காரர்களுக்கு எந்த நோய் வந்தாலும் முதல் மருந்து மலைச் சந்தனம்தான். இந்திரன் கொடுத்த கல்லில் அரைப்பது என்பார்கள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி மலையேறக் கூடாது என்று ராஜம்மாவே தினமும் மங்காவுக்குக் கொண்டுவந்து தருகிறாள். மங்கா அதை விரலால் இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியைத் தம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்தாள். மறு பாதியைப் பின்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

"பாதி வயித்துக்கு, பாதி வண்டிக்கு. ரெண்டுக்கும்தானே ஒடம்பு சரியாவணும்" என்றாள். அதில் பிழை ஒன்றும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

அன்று முனிரத்தினம் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து பொதட்டூர்பேட்டைப் பக்கம் போனோம். மூன்று மைல் வரை வண்டி அருமையாகப் போயிற்று. நாலாவது மைலில் இருமிற்று, திக்கிற்று, புளியமரத்தடியில் நின்றது. முனிரத்தினம் இறங்கி, பார்த்தீர்களா என்பதுபோல் நின்றார்.

நான் பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டை வாயில் வைத்து ஊதி, மிதவையைக் காதோரம் குலுக்கிப் பார்த்து, திரும்பப் பூட்டினேன். ஒரே உதையில் கிளம்பியது. முனிரத்தினம் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "பாவா, கையெடுத்துக் கும்புடணும் உங்கள" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த மூன்று மைல் முடிந்ததும் மறுபடி நின்றது. மறுபடி பிரித்தேன், மறுபடி ஓடியது. மூன்றாம் முறை நின்ற இடம் பொதட்டூர்பேட்டைத் தெருவின் நட்ட நடு. இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். வண்டி நின்றதும் ஒவ்வொன்றாக அந்தச் சத்தமும் நின்றது. கட்டம் போட்ட லுங்கி கட்டிக்கொண்டு தெருவே வெளியே வந்தது. யாரோ எனக்கு ஒரு பெஞ்சுகூடக் கொண்டுவந்து போட்டார்கள்.

"பஞ்சு அடைச்சுகினு கீதுங்க. இந்த ஊர்ல மூக்குலயே அடைக்கும்" என்றார் ஒருவர்.

"பெட்ரோல்ல சீமெண்ணெய் கலந்துட்டான்" என்றார் இன்னொருவர்.

"மிலிட்டரி வண்டிக்கு மெதுவா போவத் தெரியாது" என்றது ஒரு குரல் பின்னாலிருந்து.

நெசவுக்காரர் ஒருவர் மட்டும் கருத்து எதுவும் சொல்லாமல் உள்ளே போய், தறியில் இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சிலிருந்து உடைந்த கம்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தலைமுடி மாதிரி மெல்லிசு, எஃகு. "துளை குத்தறதுக்கு ஆவும், வெச்சுகிங்க" என்றார். பதினைந்து வருஷ அனுபவத்தில் அப்படி ஒரு சாமான் என் கைக்கு வந்ததில்லை. ஜெட்டை அதனால் குத்தித் துடைத்தேன். வண்டி கிளம்பியது. தெரு கை தட்டியது. திரும்பி வரும்போது இரண்டு முறை நின்றது. அங்கே கை தட்ட ஆள் இல்லை.

அப்படி நின்ற ஒரு தடவை, பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று முனிரத்தினம் டேங்க் மூடியைத் திறந்தார். உஸ் என்று ஒரு பெருமூச்சு கேட்டது. பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. வெயிலில் பெட்ரோல் அப்படித்தான் மூச்சு விடும் என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

புதன்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. டேங்கில் இருந்த பெட்ரோல் முழுவதையும் இறக்கி, புது லுங்கித் துணியில் இரண்டு முறை வடிகட்டினேன். ஜெட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். பிறகு கார்புரேட்டரை வெந்நீரில் கொதிக்கவைக்க ஒரு பாத்திரம் கேட்டேன். கையில் அகப்பட்டதை எடுத்து அடுப்பில் வைத்தும்விட்டேன்.

"அண்ணா, அது ரசத்துக்கு வெச்ச சட்டிண்ணா" என்றாள் மங்கா.

"கழுவித் தர்றேன்."

"இன்னாத்த கழுவுவ. இனிமே ரசம் வெச்சா அவரு மோந்து பாத்துட்டுத்தான் சாப்புடுவாரு."

அன்று மத்தியானம் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும். கொழும்பில் ரேஷன் அரிசியின் நாற்றத்தைப் பற்றிப் பத்து பேர் பத்து விதமாகப் புலம்புவார்கள். இங்கே அந்த அரிசியைக் கோழிக்குப் போட்டுவிட்டுக் களி கிண்டிச் சாப்பிடுகிறார்கள். மூன்று உருண்டை சாப்பிட்டேன். சாப்பிட்ட தெம்பில் வண்டியை எடுத்தோம். நாலாவது மைல், புளியமரம்.

அங்கே முனிரத்தினம் கேட்டார்: "பாவா, தப்பா நெனைக்காதீங்க. வேற எங்கயாவது கோளாறு இருக்குமோ?"

"மாப்பிளே, பிரித்துப் பூட்டினால் ஓடுகிறதா இல்லையா?"

"ஓடுதுங்க."

"அப்போ கோளாறு எங்கே இருக்கு?"

"கார்புரேட்டர்லங்க."

"அவ்வளவுதான்" என்றேன். இப்படிப் பேசிவிட்டு நான் ஒன்பதாவது தடவையாக அதைப் பிரித்தேன். அவர் சாலையோரம் குந்தி உட்கார்ந்துகொண்டு, மதனப்பள்ளியில் தண்ணீர்க் கஷ்டம் உண்டா, அங்கே மருத்துவச்சி இருப்பாளா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை ஒரு ஜெட்டைக் கீழே போட்டேன். இரண்டு பேரும் புழுதியில் அரை மணி நேரம் தேடினோம்.

வியாழக்கிழமை பதினொரு தடவை ஆகிவிட்டது. மத்தியானம் நான் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, தங்கைக்கு ஒரு சட்டியைக் கெடுத்துக் கொடுத்ததுதான் மிச்சம். அடுக்களையில் மங்கா புது நல்லெண்ணெய்த் தகரத்தைத் திறந்துகொண்டிருந்தாள். மேல்தகட்டின் ஒரு மூலையில் ஆணியை வைத்து அம்மிக் குழவியால் ஒரு தட்டு. கிண்ணத்தில் சாய்த்தாள். எண்ணெய் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. தகரத்தை நிமிர்த்தி, எதிர் மூலையில் இன்னொரு தட்டு. சாய்த்தாள். கயிறு மாதிரி இறங்கியது.

"ரெண்டு ஓட்டை எதுக்கு மங்கா?" என்று சும்மா கேட்டேன்.

"இன்னாண்ணா இது. ஒரு ஓட்டை போட்டா எப்பிடி எறங்கும்? காத்து உள்ள போவ வழி வேணும்ல."

நான் எழுந்து பின்கட்டுக்குப் போனேன்.

டேங்க் மூடியின் மேல் சந்தனம் பூசியிருந்ததே, அதை நகத்தால் சுரண்டினேன். இன்றைய சந்தனம், அதன் கீழே நேற்றையது, அதன் கீழே மாதக் கணக்கில் காய்ந்து இறுகியது. எல்லாவற்றுக்கும் அடியில், மூடியின் நட்ட நடுவில், கடுகு அளவு ஒரு துளை. காற்றுத் துளை. நெசவுக்காரர் கொடுத்த கம்பியை விட்டுக் குத்தினேன். அடைத்துக்கொண்டிருந்த சந்தனம் கட்டியாக உதிர்ந்தது, நல்ல வாசனையோடு.

மூன்று மைலுக்குள் டேங்கில் இருந்த காற்று இளைத்துப்போகிறது. வெளிக்காற்று வர வழியில்லை. பெட்ரோல் இறங்க மறுக்கிறது. நான் குழாயைக் கழற்றும்போது அதன் வழியாகக் காற்று ஏறி, மறுபடி மூன்று மைலுக்குச் சரியாகிறது. பதினொரு தடவையும் வண்டியைக் கிளப்பியது அந்தக் காற்று. நான் ஜெட்டை ஊதியது சும்மா. என் மேசைக்கு எனாமல் தட்டில் டேங்க் மூடி வந்ததே இல்லை.

உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல வாயெடுத்தேன். மங்கா எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். காலையில் சந்தனம் கரைத்துக் குடித்த தம்ளர் மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

வண்டியை நிறுத்தியது உன் சந்தனம் என்று சொன்னால், அடுத்த நிமிஷம் அவள் நினைப்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பாதி வண்டிக்கு, பாதி வயிற்றுக்கு. மாட்டு வண்டியில் உட்காரத் தெரியவில்லை என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். அவளுக்கு இன்னொன்று என் வாயால் கிடைக்க வேண்டாம். முனிரத்தினத்திடமும் சொல்ல முடியாது. அவர் மனத்தில் ஒன்றும் தங்காது, இரவுச் சாப்பாட்டுக்குள் அவளிடம் போய்விடும். கார்புரேட்டர் ஐயாவின் மானமும் இதில் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

"அண்ணா, இன்னா ஆச்சு?" என்றாள்.

"ஒரு ஜெட்டில் பிசிறு இருந்தது. எடுத்துவிட்டேன். இனிமே ஓடும்" என்றேன். பிறகு, "மங்கா, நாளையிலேர்ந்து சந்தனத்தை விளக்கு மேலே வை. மூடியிலே பெட்ரோல் பட்டு, பிரசாதம் கெட்டுப்போகுது பார்" என்றேன்.

"ஆங், அதுவும் சரிதான். எனக்குத் தோணல பாரேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் நான் சொன்னபடியே விளக்குக்குப் பொட்டு வைத்தாள். எனக்கு மூச்சு வந்தது. ஒன்பது மணிக்கு மேலதிகாரி காரில் வந்தார். பருத்த மனிதர், பட்டு வேட்டி. மலைப்படி முந்நூற்று அறுபத்தைந்தும் ஏறி இறங்கி, சட்டை நனைந்து வந்திருந்தார். கையில் இலைப் பொட்டலம்.

"நல்ல காரியத்துக்குக் கிளம்புறோம்" என்று சொல்லிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். விளக்கில் ஏற்கெனவே சந்தனம் இருந்தது. மூடி காலியாக இருந்தது. பொட்டலத்துச் சந்தனத்தை மூன்று விரலால் வழித்து, மூடி முழுவதும், கல்லில் தோசை வார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். அரை அங்குலக் கனம்.

"பாத்தியாண்ணா, பெரியவரே வெச்சாரு" என்று மங்கா என் காதோரம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மேலதிகாரி வைத்த சந்தனத்தை அவர் எதிரில் துடைக்கிற தைரியம் எனக்கு இல்லை. அவள் எதிரில் துடைக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

"நீங்க காரில் என்னோட வாங்க" என்று அதிகாரி கூப்பிட்டார்.

"நான் பின்னால உட்கார்ந்துக்கறேங்க. ஆள் பாரம் இருந்தாத்தான் சோதனை சரியான சோதனை" என்றேன். என் நேர்மை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

வண்டி கிளம்பியது. நாற்பது கஜம் பின்னால் கார். ஊர் தாண்டியதும் சட்டைப் பையிலிருந்து தறிக் கம்பியை எடுத்தேன். முனிரத்தினத்தின் இடுப்பைச் சுற்றிக் கையை முன்னால் கொண்டுபோய், கண்ணுக்குத் தெரியாத மூடியைத் தடவி, குத்தினேன். முதல் குத்து அவர் தொடையில் விழுந்தது.

"பாவா, இன்னா பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லை. நேரே பார்த்து ஓட்டுங்க."

"குத்துதுங்க."

"குத்தட்டும்."

இரண்டாவது குத்து துளையில் இறங்கியது. ஆனால் ஈரச் சந்தனம், கம்பியை எடுத்த உடனே மூடிக்கொண்டது. மறுபடி குத்தினேன், மறுபடி மூடியது. ஆகையால் ஒவ்வொரு பர்லாங் கல்லுக்கும் ஒரு குத்து என்று வைத்துக்கொண்டேன். இடையில் கையை எடுத்தால் திரும்பத் துளையைத் தேட வேண்டும். அதனால் எடுக்கவே இல்லை, அவரைக் கட்டிக்கொண்டே இருந்தேன். நாலாவது மைலில் புளியமரம் வந்தபோது முனிரத்தினத்தின் முதுகு விறைத்தது. அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. வண்டி ஒரு தரம் இருமிற்று. நான் கம்பியை அடிவரை விட்டு அப்படியே பிடித்துக்கொண்டேன். மரம் எங்களைத் தாண்டிப் பின்னால் போயிற்று. முனிரத்தினம் வாய்விட்டு அழுதார், ஓட்டிக்கொண்டேதான்.

பொதட்டூர்பேட்டைத் தெருவில் போன தடவை வந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றிருந்தார்கள். பெஞ்சும் தயாராகப் போட்டிருந்தது. நாங்கள் நிற்காமல் போனதில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கம்பி கொடுத்தவர் மட்டும் கையைத் தூக்கினார். என் கை வேலையாக இருந்ததால் நான் தலையை ஆட்டினேன். அம்மையார்குப்பம் வருவதற்குள் வெயிலில் சந்தனம் காய்ந்துவிட்டது. துளை துளையாகவே நின்றது. அதற்கப்புறம் எனக்கு வேலையில்லை. ஆனாலும் கையை எடுக்கத் தைரியம் வரவில்லை, திருத்தணி வரை அப்படியே வந்தேன்.

அதிகாரி காரிலிருந்து இறங்கி, "திருப்தி. மாற்றல் பேச்சே இல்லை" என்றார். பிறகு முனிரத்தினத்தைத் தனியே அழைத்து, எனக்கும் கேட்கிற குரலில், "உம்ம மச்சானுக்கு உம்ம மேலே இவ்வளவு பிரியமா? போகும்போதும் வரும்போதும் கட்டிப் பிடிச்ச பிடியை விடலையே மனுஷன்" என்றார். முனிரத்தினம் தொடையைத் தடவிக்கொண்டார்.

மங்கா ஆரத்தித் தட்டோடு வந்தாள். வண்டிக்கு மூன்று சுற்று சுற்றினாள். பொட்டு வைக்கக் குனிந்தவள், மூடியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். காய்ந்த சந்தனத்தின் நடுவில் கடுகு அளவில் ஒரு துளை, சுற்றிலும் குத்துப்பட்ட தழும்புகள். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். அதில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியின் முனை மஞ்சளாக இருந்தது. "கை கால் கழுவிகினு வாங்க, எல வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இலை முன்னால் உட்கார்ந்தேன். அவள் அடுக்களையில் அழுகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பாத்திரச் சத்தம்தான் கேட்டது.

சனிக்கிழமை காலை எனக்கு வண்டி. ரயிலைச் சொல்கிறேன். ஸ்டேஷனுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுவிடுவதாக முனிரத்தினம் அதைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். பெட்டியைக் கட்டிவிட்டு வந்தபோது ராஜம்மா இலைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். மங்கா வழக்கம்போல் சந்தனத்தை விரலால் இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தாள். விளக்கைத் தாண்டி, மூடியின் மேல் வட்டமாக வைத்தாள்.

"மங்கா" என்றேன்.

"இருண்ணா" என்றாள்.

தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி நிமிர்த்தினாள். பொட்டின் நடுவில் குத்தி, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள். குனிந்து வாயால் ஊதினாள். துளை சுத்தமாக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். ஊக்கைத் துடைத்துத் திரும்பக் கயிற்றில் மாட்டிக்கொண்டாள். பிறகு மற்றப் பாதியைத் தம்ளரில் கரைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே மடமடவென்று குடித்து முடித்தாள்.